புயல் சேதமும் வாடகைதாரர் உரிமைகளும்

புயல், வெள்ளம் முதலியவற்றால் வாடகைக் கட்டடம் சேதமடையும்போது, அதில் குடியிருப்போரை வெளியேற்றுவது குறித்து இந்தியச் சட்டங்கள் சில வரையறைகளை விதித்துள்ளன. கட்டடம் சேதமடைந்த காரணத்தால் மட்டும் வாடகை உரிமை தானாக முடிந்துவிடுவதில்லை என்பதே இவற்றின் அடிப்படையாகும். விருதுநகர் மாவட்டத்திலுள்ள இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் ஆகிய நகரங்களை முன்வைத்து இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது.

பின்னணி

இவ்விரு நகரங்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரப் பகுதியில் அமைந்தவை. இராஜபாளையம் நூற்பாலைகளுக்கும், திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்கும் பெயர்பெற்றவை. தென்மாவட்டங்களில் 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பெய்த பெருமழையின்போது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவானது. இத்தகைய இடர்களுக்குப் பின் சேதமடைந்த வீட்டை யார் பழுதுபார்ப்பது, குடியிருப்பவர் வெளியேற வேண்டுமா, வெளியேறினால் திரும்பி வரலாமா என்னும் வினாக்கள் எழுகின்றன.

பொருந்தும் சட்டங்கள்

தமிழகத்தில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இது நகர்ப்புறங்களுக்கு உரியது. எனவே நகராட்சிகளான இவ்விரு ஊர்களுக்கும் பொருந்தும். சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பொருந்தும்.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு தீ, புயல், வெள்ளம் ஆகியவற்றை வெளிப்படையாகவே குறிப்பிடுகிறது. இவற்றால் கட்டடத்தின் முக்கியப் பகுதி அழிந்தாலோ, நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ, குத்தகையை முடித்துக்கொள்ளும் விருப்பம் குடியிருப்பவருக்கே உண்டு. உரிமையாளர் இப்பிரிவைக் காட்டி அவரை வெளியேற்ற இயலாது.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

கட்டடம் அழிந்தால் வாடகை உரிமையும் அழியும் என உச்ச நீதிமன்றம் முன்னர், தீயில் அழிந்த ஒரு கடை தொடர்பான கேரள வழக்கில் கூறியிருந்தது. 2014இல் மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு, சா ரத்தன்சி கிம்ஜி வழக்கில் இக்கருத்தை ஏற்கவில்லை. குத்தகை என்பது நிலத்தையும் உள்ளடக்கியது. ஆதலால் கட்டடம் இடிந்தாலும், நகராட்சியே அதை இடித்தாலும் குத்தகை முடிவதில்லை என அவ்வமர்வு தீர்ப்பளித்தது.

பழுதுபார்ப்பும் வெளியேற்றமும்

2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுவர், கூரை போன்ற கட்டமைப்புப் பழுதுகளைச் சரிசெய்வது உரிமையாளரின் பொறுப்பாகும். குடியிருப்பவரால் நேர்ந்த சேதம் இதில் அடங்காது. உரிமையாளர் மறுத்தால், குடியிருப்பவர் பழுதுபார்த்து அச்செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். குடிநீர், மின்சாரம் ஆகியவற்றைத் துண்டித்து நெருக்கடி தருவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

வெளியேற்ற ஆணையை வாடகை நீதிமன்றமே வழங்க இயலும். 21ஆம் பிரிவு கூறும் காரணங்களுள் சில:

* எழுத்து மூலமான வாடகை ஒப்பந்தம் இன்மை
* வாடகை நிலுவை
* வீட்டைக் காலி செய்யாமல் செய்ய இயலாத பழுதுபார்ப்பு அல்லது மறுகட்டுமானம்

மூன்றாவது காரணமே புயலுக்குப் பின் பெரிதும் எழக்கூடியது. இதன்படி வெளியேறுபவர் திரும்பி வருவதற்கு இருதரப்பு உடன்பாடும், வாடகை அதிகாரியிடம் அளிக்கப்பட்ட புதிய ஒப்பந்தமும் தேவை. வாய்மொழி உறுதி போதாது. பழுதைக் காரணம் காட்டி வாடகையை நிறுத்திவிடுவதும் இரண்டாவது காரணத்துக்கு இடமளித்துவிடும்.

தீர்வு வழிகள்

வழக்கின்றி வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் 6ஆம் பிரிவின் கீழ், ஆறு மாதங்களுக்குள் வழக்குத் தொடர்ந்து உடைமையை மீட்கலாம். வாடகை இரசீதுகளும், சேதத்தைக் காட்டும் நிழற்படங்களும், உரிமையாளருக்கு அனுப்பிய கடிதத்தின் படியும் இத்தகைய வழக்குகளில் சான்றாகப் பயன்படும்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, வெள்ளம் முதலிய பேரிடரால் பாதிக்கப்பட்டோரை இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோராகக் குறிப்பிடுகிறது. விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் மாவட்டத் தலைநகரில் அல்லாமல் திருவில்லிபுத்தூரிலேயே அமைந்துள்ளது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேயே இயங்குவதால், இவ்விரு நகர மக்களும் இவ்வுதவியை அருகிலேயே நாட இயலும்.