டயாலிசிஸ் ஒன்றுதான், பலன் வேறு

சிறுநீரகம் செயலிழந்த ஏறத்தாழ எல்லோருக்கும் மெடிகேர் காப்பீடு வழியாக அரசே சிகிச்சைச் செலவின் பெரும்பகுதியை ஏற்கும் என்று அமெரிக்காவில் 1972-இல் சட்டம் வந்தது. குழந்தைகளும் இதில் அடக்கம். காசு மட்டுமே தடை என்றால், குழந்தைக்குக் குழந்தை இருந்த வித்தியாசம் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அந்நாட்டுச் சிறுநீரக நோயாளிகள் பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, சிறுநீரகம் செயலிழந்த கறுப்பினக் குழந்தைகள் இறக்கும் அபாயம் வெள்ளையினக் குழந்தைகளைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல். சிறுவர்களைவிடச் சிறுமிகளுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு கூடுதல்.

டயாலிசிஸ் இயந்திரம் ஆள் பார்த்து ரத்தம் சுத்திகரிப்பதில்லை. அதில் எத்தனை காலம் கிடக்க நேர்கிறது என்பதே கேள்வி. குழந்தைக்கு வேண்டியது மாற்றுச் சிறுநீரகம். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் டயாலிசிஸ். நாள் ஆக ஆக உயரம் தடைப்படும், இதயம் பழுதாகும், படிப்பும் கெடும். கறுப்பினக் குழந்தைகளின் கூடுதல் இறப்பில் பெரும்பகுதி, மாற்றுச் சிறுநீரகம் தாமதமாகவோ கிடைக்காமலோ போவதால் வருவதுதான்.

தாமதம் நோயிலிருந்தே தொடங்கிவிடுகிறது. பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் அடைப்புள்ள பையனை எடுத்துக்கொள்ளுங்கள். கருவில் ஸ்கேன் பார்க்கும்போதே தெரிந்துவிடலாம். பல வருடம் மருத்துவரின் கண்காணிப்பில் வளர்வான். அம்மாவையோ அப்பாவையோ முன்கூட்டியே சோதித்து, டயாலிசிஸ் பக்கமே போகாமல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை செய்யவும் வாய்ப்புண்டு. லூபஸ் நோய் அப்படியல்ல. பெண்களையும் கறுப்பினத்தவரையும் அதிகம் தாக்கும் அது, பதின்வயதில் திடீரென்று கிளம்பலாம். முகம் வீங்கி, ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு எகிறி, அவசரப் பிரிவுக்கு வரும் சிறுமிக்குக் கழுத்துச் சிரையில் குழாய் போட்டுத்தான் டயாலிசிஸை ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அந்தக் குழாய் கிருமி நுழைய நல்ல வழி.

ஆனால் நோயின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போக முடியாது. ஐரோப்பாவில், டயாலிசிஸ் தொடங்குமுன்பே மாற்றுச் சிறுநீரகம் பெறும் வாய்ப்பு சிறுமிகளுக்கு ஏறக்குறைய கால்பங்கு குறைவு என்று கண்டார்கள். நோய் வகையும் அது முற்றும் வேகமும் அதில் ஒரு பகுதியைத்தான் விளக்கின. அமெரிக்காவில், வீட்டிலேயே செய்யும் வயிற்றுவழி டயாலிசிஸும் கறுப்பினக் குழந்தைகளுக்குக் குறைவாகவே கிடைத்துவந்தது. திரவப் பைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். வைக்க இடமும், சுத்தமான அறையும், இரவில் பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும். இது மருத்துவப் பிரச்சினையா, வாடகை வீட்டுப் பிரச்சினையா?

விதியை மாற்றினால் பலன் உண்டு. 35 வயதுக்குட்பட்டு இறந்தவர்களின் சிறுநீரகத்தில் குழந்தைகளுக்கு முன்னுரிமை என்று 2005-இல் அமெரிக்கா முடிவெடுத்தது. இறந்தவர் தானத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் இன இடைவெளி குறைந்தது. உயிருள்ளவர் தானம் வேறு கணக்கு. உறவினருக்கே உயர் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் பெரும்பாலும் கொடுக்க முடியாது. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் அதிகம் காணப்படும் ஏபிஓஎல்1 மரபணு மாற்றம் குடும்பத்தில் இருந்தால், கொடுப்பவரின் சிறுநீரகமும் பின்னால் பழுதாகுமோ என்று மருத்துவர் யோசிப்பார். எல்லாம் சரியாக இருந்தாலும், அறுவை முடிந்து சில வாரம் அப்பா வேலைக்குப் போக முடியாது. எல்லோருக்கும் சம்பளத்தோடு விடுப்பு தரவேண்டும் என்ற தேசியச் சட்டம் அந்த நாட்டில் இல்லை.