காப்பதும் ஒரு மகசூலே

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரிட்ஸ் ஹாபர் என்ற ஜெர்மானிய ரசாயன விஞ்ஞானி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அமோனியாவாக மாற்றும் வித்தையைக் கண்டறிந்ததும், கார்ல் பாஷ் அதைப் பெரும் தொழிற்சாலைக்கு ஏற்றபடி வகுத்துத் தந்ததும், பிற்பாடு நார்மன் போர்லாக் மெக்ஸிகோ வயல்களில் கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடாத குட்டைக் கோதுமை ரகங்களை உருவாக்கியதும், எம். எஸ். சுவாமிநாதன் போன்றோர் அவற்றை நம்முடைய மண்ணுக்குப் பழக்கியதும் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து, மனித சரித்திரம் முன்னெப்போதும் காணாத தானியப் பெருக்கத்தை உண்டாக்கின. 1960-களின் ஆரம்பத்தில் முந்நூறு கோடியாக இருந்த உலக ஜனத்தொகை 2022-ல் எண்ணூறு கோடியைத் தொட்டபோது, தானிய விளைச்சல் அதைக் காட்டிலும் வேகமாக வளர்ந்து மும்மடங்கைக் கடந்திருந்தது. ஜனப்பெருக்கத்தால் உலகமே பஞ்சத்தில் மூழ்கும் என்று அஞ்சியவர்களின் பயத்தை உழவனும் விஞ்ஞானியும் சேர்ந்து பொய்யாக்கினார்கள்.

இன்று உலகம் ஓராண்டில் விளைவிக்கும் தானியம் மட்டும் 280 கோடி டன்னுக்கு மேல். பால் குடிக்கும் சிசு முதல் பல் விழுந்த கிழவர் வரை எல்லோருக்கும் அதைச் சமமாகப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 350 கிலோ, அதாவது நாளொன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவாக வரும். கிழங்கும் காய்கனியும் பாலும் மீனும் இந்தக் கணக்கில் சேரவில்லை. இவ்வளவு இருந்தும், ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீட்டின்படி 2024-ல் சுமார் 67 கோடி ஜனங்கள் பசியோடு வாழ்ந்தார்கள். அதே சபையின் சுற்றுச்சூழல் ஸ்தாபனம் 2022-ஆம் ஆண்டுக்கு எடுத்த கணக்கோ, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் வீடுகளிலுமாகக் குப்பைக்குப் போன உணவு 105 கோடி டன் என்று சொல்லுகிறது. தோல், கொட்டை, எலும்பு முதலிய தின்ன இயலாத பகுதிகளும் அதில் அடங்கும் என்பது மெய்தான். அவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், வீடுகளில் மட்டும் நாள்தோறும் நூறு கோடி வேளைச் சாப்பாட்டுக்குக் குறையாத நல்ல உணவு வீணாகிறது.

பசிக்குக் காரணம் தானியப் பற்றாக்குறை ஒன்றுதான் என்ற எண்ணம் நம்மில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் மாண்ட பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், 1981-ல் வெளிவந்த தமது நூலில், அங்கே நெல் அடியோடு இல்லாமற் போகவில்லை என்பதையும், விலை ஏறியபோது கூலி ஏறாத ஏழைகளுக்கு அதை வாங்கும் சக்தி இல்லாமற் போனதே பெரிய காரணம் என்பதையும் எடுத்துக் காட்டினார். விளைந்தது வேறு, விளைந்தது வாயை அடைவது வேறு. இவ்விரண்டுக்கும் நடுவிலே கிடக்கும் தூரத்தைக் கடக்க உதவும் கிடங்கும் சாலையும் சட்டமும் பழக்கமும், ஏரையும் எருவையும் போலவே விவசாயத்தின் அங்கங்கள் என்று கருதாதவரையில், எத்தனை கோடி டன் விளைவித்தாலும் கைக்கெட்டியது வாய்க்கெட்டாத நிலைமைதான் நீடிக்கும்.

உணவு வீணாவது இரண்டு வழிகளில். அறுவடைக்கும் கடைக்கும் இடையே அழிவது ஒன்று. கடைக்கு வந்தபின் அழிவது மற்றொன்று. முதல் வழியில் உலக விளைச்சலில் சுமார் 13 சதவீதமும், இரண்டாம் வழியில் நுகர்வோருக்குக் கிடைக்கும் உணவில் சுமார் 19 சதவீதமும் போய்விடுவதாக ஐக்கிய நாடுகள் ஸ்தாபனங்கள் கணித்திருக்கின்றன. முதலாவது பெரும்பாலும் வசதிக் குறைவால் நேர்வது. அங்கே விவசாயியைக் குற்றம் சொல்ல இடமில்லை.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் காராமணி இதற்கு ஒரு சிறந்த உதாரணம். நைஜர், நைஜீரியா, கேமரூன் முதலிய தேசங்களில் ஏழைகளுக்குப் புரதம் தரும் பயறு அது. அறுவடையோடு கூடவே வண்டின் முட்டையும் வீட்டுக்கு வந்துவிடும். சில மாதங்களில் பயறு முழுவதும் துளைபட்டு மாவாய்ப் போகும். அதற்கு அஞ்சிய விவசாயி, எல்லோரும் விற்கிற அறுவடைக் காலத்திலேயே, விலை அடிமட்டத்தில் இருக்கும்போதே விற்றுவிட்டு, பிற்பாடு தன் வீட்டுக்கு வேண்டிய பயறைக் கூடுதல் விலை கொடுத்துச் சந்தையில் வாங்கினான். 1980-களின் இறுதியில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரி மர்டாக் என்ற பூச்சியியல் அறிஞர் கேமரூன் விஞ்ஞானிகளோடு சேர்ந்து கண்ட பரிகாரம் மிக எளியது. ஒன்றனுள் ஒன்றாக இரண்டு தடித்த பாலிதீன் பைகள், அவற்றுக்கு வெளியே நெய்த பிளாஸ்டிக் சாக்கு ஒன்று. பயறை நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி, ஒவ்வொரு பையின் வாயையும் தனித்தனியே இறுகக் கட்டிவிட வேண்டியதுதான். உள்ளே இருக்கும் வண்டு மிச்சமுள்ள பிராணவாயுவைச் சுவாசித்துத் தீர்த்துவிட்டு, தின்னவும் பெருகவும் சக்தியற்று, உடலின் ஈரம் வறண்டு மாண்டுபோகும். மருந்து தெளிக்க வேண்டியதில்லை, மின்சாரம் வேண்டியதில்லை. நம்முடைய கிராமங்களில் குதிரின் வாயை மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி அடைத்தவர்களுக்கு இந்தத் தத்துவம் புதியதாகத் தோன்றாது. பயறைக் காத்த அந்தப் பை, நல்ல விலை வரும்வரை பொறுத்திருக்கும் பலத்தையும் ஏழை விவசாயிக்குத் தந்தது.

கிடங்கு இல்லாத குறையோடு விலையின் கொடுமையும் சேர்ந்துகொள்ளும் காட்சியைக் காண ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி வரத்து அதிகமாகி விலை சரியும் நாட்களில், பறிப்புக் கூலியும் வண்டி வாடகையும் மண்டிக் கமிஷனும் போக ஒன்றும் மிஞ்சாது என்று கண்ட விவசாயிகள் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவதும், கொண்டுவந்த பெட்டிகளைச் சாலையோரத்தில் கொட்டிவிட்டு வெறும் பெட்டியோடு வீடு திரும்புவதும் பத்திரிகை படிக்கும் அனைவரும் அறிந்த விஷயம். சில மாதங்கள் கழித்து அதே தக்காளியின் விலை நகரத்துக் குடும்பங்களைத் திணற வைக்கிறது. லூதியானாவிலுள்ள மத்திய அரசின் அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், நம் தேசத்தில் அறுவடைக்குப் பிறகு ஆண்டுதோறும் நேரும் நஷ்டம் 92,651 கோடி ரூபாய் என்று 2015-ல் கணித்தது. கொட்டப்பட்ட பழத்தின் பின்னே ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பும் வாங்கிய கடனும் இருக்கின்றன என்பதை இந்தத் தொகை சொல்லுவதில்லை.

இரண்டாம் வழியின் இயல்பு வேறு. அங்கே உணவு ஏராளமாகவும் மலிவாகவும் கிடைப்பதே விரயத்துக்குக் காரணமாகிறது. ஐரோப்பியப் பொருளாதார சமூகம் 1988-ல் வகுத்த ஒரு விதியின்படி, முதல்தர வெள்ளரிக்காய் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பத்து மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருக்கலாகாது. 2009-ல் அந்த விதி நீங்கியது. ஆனால் நேரான காய்க்கும் பளபளக்கும் பழத்துக்கும் பழகிப்போன கண், சட்டம் மாறியதால் மட்டும் மாறிவிடவில்லை. பொட்டலத்தின்மேல் அச்சிட்ட தேதியைக் கண்டு, முகர்ந்தும் பாராமல் நல்ல பண்டத்தை எறிகிறவர்கள் எத்தனையோ பேர்.

இப்படிச் சொல்லும்போது விரயம் செல்வ நாடுகளின் வியாதி என்று நாம் ஆறுதல் அடைந்துவிடலாகாது. முன்சொன்ன 105 கோடி டன்னில் அறுபது சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது; அந்த வீட்டு விரயம் செல்வ நாடுகளிலும் நடுத்தர வருமானமுள்ள நாடுகளிலும் தலைக்கு ஆண்டுக்கு ஏழு கிலோ அளவே வித்தியாசப்படுகிறது. சராசரி மனிதன் ஆண்டுக்கு 79 கிலோ உணவைத் தன் வீட்டிலிருந்தே குப்பைக்கு அனுப்புகிறான்.

வீணாகும் உணவோடு கூடவே அதை விளைவித்த நீரும் நிலமும் வீணாகின்றன. எவரும் உண்ணாத உணவை விளைவிக்க ஆண்டுதோறும் 140 கோடி ஹெக்டேர் நிலமும், 250 கன கிலோமீட்டர் நீரும் செலவாவதாக உலக உணவு விவசாய ஸ்தாபனம் 2013-ல் கணக்கிட்டது. மேட்டூர் அணையைத் தொண்ணூறு முறைக்கு மேல் நிரப்பக்கூடிய நீர் அது. குப்பைமேட்டில் காற்றுப் புகாமல் அழுகும் சோறும் காயும் மீத்தேன் வாயுவை வெளியிட்டுப் பூமியைச் சூடாக்குகின்றன. உலகின் வெப்ப வாயுக்களில் எட்டு முதல் பத்து சதவீதம் உணவு நஷ்டத்தாலும் விரயத்தாலும் உண்டாவதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

உணவை வீணாக்கும் பழக்கத்தை ஒரு தேசம் முழுவதும் மாற்ற இயலுமா என்று சந்தேகிப்பவர்களுக்குத் தென்கொரியாவின் அனுபவம் விடை சொல்லும். கொரிய போஜனத்தில் சோற்றையும் சூப்பையும் சுற்றிப் பல சிறு கிண்ணங்களில் கிம்ச்சி முதலிய தொடுகறிகளைப் பரப்பி வைப்பது மரபு. உபசாரத்தின் பெருமையே கிண்ணங்களின் எண்ணிக்கையில் இருப்பதால், மிச்சமும் அதற்கேற்ப மிகும். சியோல் நகரத்தின் குப்பை 1978 முதல் 1993 வரை ஹான் ஆற்றங்கரையிலுள்ள நாஞ்சிதோ என்ற இடத்தில் குவிந்தது. பூஞ்செடிகளுக்குப் பெயர்பெற்றிருந்த அந்தத் திட்டு, தொண்ணூறு மீட்டருக்கு மேல் உயர்ந்த இரண்டு குப்பை மலைகளாக மாறியது. ஈரம் மிகுந்த உணவுக் கழிவின் துர்நாற்றத்தையும் கசியும் கழிவுநீரையும் பொறுக்க மாட்டாமல், குப்பைக் கிடங்குகளின் அருகே வாழ்ந்த ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள்.

சர்க்கார் படிப்படியாகக் காரியம் செய்தது. குப்பையின் அளவுக்கேற்பக் கட்டணம் என்ற ஏற்பாடு 1995-ல் தேசமெங்கும் வந்தது. 2005-ல் உணவுக் கழிவைத் தரையில் புதைப்பது தடை செய்யப்பட்டது. 2013-ல் அதிலிருந்து வடியும் கழிவுநீரைக் கடலில் கொட்டுவதும் நின்றது. அதே ஆண்டில், உணவுக் கழிவுக்குத் தனியே கட்டணம் செலுத்தும் முறை விரிவாக அமலுக்கு வந்தது. சியோலின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிப்பவர் கீழே இறங்கிவந்து அங்குள்ள இயந்திரத்தின்மேல் தம் அட்டையைக் காட்டினால், மூடி தானே திறக்கும். அவர் கொட்டிய கழிவை இயந்திரம் நிறுத்து, இத்தனை கிராம் என்று திரையில் காட்டி, அவர் கணக்கில் பற்று எழுதிக்கொள்ளும். மற்ற வீட்டார் இதற்கென்று விற்கும் பைகளை விலைக்கு வாங்கிக் கட்டி வைக்கிறார்கள். எலும்பு, சிப்பி, முட்டை ஓடு, பழக்கொட்டை, வெங்காயச் சருகு ஆகியவை உணவுக் கழிவில் சேரமாட்டா. கால்நடைத் தீவனமாகக்கூடியதா என்பதே அதற்கு அளவுகோல். எடைக்குக் காசு என்றானதும், குடும்பத் தலைவிகள் முதலில் சூப்பின் நீரை வடித்துவிட்டுக் கொட்டப் பழகினார்கள். பின்னர் அளவாகச் சமைக்கவும் பழகினார்கள்.

1995-ல் உணவுக் கழிவில் மூன்று சதவீதத்தைக்கூடப் பயன்படுத்தாதிருந்த அந்தத் தேசம், இன்று தொண்ணூற்றைந்து சதவீதத்துக்கு மேல் தீவனமாகவும் எருவாகவும் எரிவாயுவாகவும் மாற்றுகிறது. இது மகத்தான சாதனை. எனினும், மனிதன் உண்ண வேண்டிய சோறு எருவாவது முதல்தரமான பிரயோஜனம் ஆகாது. வீணாகாமல் தடுப்பது முதற்படி, மிஞ்சியதைப் பசித்தவருக்குக் கொடுப்பது இரண்டாம் படி, எருவும் எரிவாயுவும் அதற்கும் கீழ்ப்பட்டவை. இரண்டாம் படிக்கு வழிகாட்டியது பிரான்ஸ். 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய கடைகள் விற்காத நல்ல உணவை வேண்டுமென்றே பாழாக்குவதை 2016-ல் சட்டத்தால் தடுத்து, அதைப் பெற்றுக்கொள்ளத் தர்ம ஸ்தாபனங்களோடு உடன்படிக்கை செய்துகொள்ளும்படி அந்தத் தேசம் கட்டளையிட்டது.

நான் என் தட்டில் மிச்சம் வைக்காவிட்டால் சூடானில் வாடும் குழந்தைக்கு அந்தச் சோறு போய்விடுமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கவளம் போகாது என்பது உண்மை. ஆனால் தானியச் சந்தை இன்று உலகம் முழுவதற்கும் ஒன்றாகிவிட்டது. 2022-ல் உக்ரைனில் யுத்தம் மூண்டு கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டவுடன், எகிப்திலும் லெபனானிலும் ரொட்டிக்கு வழி தேட வேண்டியதாயிற்று. குப்பைக்குப் போகப்போகிற உணவை வாங்கிக் குவிக்கும் கோடிக்கணக்கான வீடுகள், தாம் அறியாமலே அந்த ஒரே சந்தையில் ஏழையோடு போட்டியிட்டு விலையைத் தூக்கிவிடுகின்றன. அவனுக்குப் பயன்படக்கூடிய நீரையும் நிலத்தையும் எருவையும் எடுத்துக்கொள்கின்றன.

தலைக்கு வீணாகும் உணவை 2030-க்குள் பாதியாக்குவதென்று உலக நாடுகள் 2015-ல் சங்கற்பம் செய்துகொண்டன. அதற்கு வேண்டிய சாதனங்கள் எவர்க்கும் எட்டாதவை அல்ல என்பதைக் கேமரூனின் பையும் சியோலின் தராசும் காட்டிவிட்டன. ஒரு சர்க்கார் புதிய அணைக்கும் புதிய விதைக்கும் பணம் ஒதுக்கும் அதே முனைப்போடு கிராமக் கிடங்குக்கும் குளிர்சாதன வண்டிக்கும் ஒதுக்குமானால், காக்கப்படும் ஒவ்வொரு மூட்டையும் ஒரு சொட்டு நீரும் கூடுதலாகக் கேளாத விளைச்சலாகும். குடும்பமோ, ஒரு வாரம் தான் எறிவதை நிறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் சந்தைக்குப் போகட்டும். உழுது விளைவிப்பவனுக்குரிய மரியாதையை, விளைந்ததைச் சிந்தாமல் சிதறாமல் காப்பவனுக்கும் தேசம் தர வேண்டும். அவன் செய்வதும் விவசாயமே.