ஹென்றி தெரு இல்லம்

1893ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருநாள், லிலியன் வால்ட் என்னும் இளம் தாதி நியூயார்க்கில் குடியேறிய பெண்களுக்கு நோயாளிகளைப் பராமரிக்கும் முறையைக் கற்பித்துக்கொண்டிருந்தார். படுக்கை விரிப்பதுதான் அன்றைய பாடம். அப்போது ஒரு சிறுமி வந்து, உடல்நலம் குன்றிய தன் தாயைப் பார்க்க வருமாறு அழைத்தாள். வால்ட் மழையில் அவளைப் பின்தொடர்ந்தார். இரண்டே அறைகளில் எழுவர் கொண்ட குடும்பமும் வாடகைக்கு இடம்பெற்ற சிலரும் இருந்தனர். பிள்ளை பெற்ற அத்தாய், இரத்தம் படிந்த படுக்கையில் இரண்டு நாளாகக் கிடந்தார். வால்ட் அவரைத் தூய்மைப்படுத்திப் படுக்கையையும் மாற்றினார். அன்றே அந்த வட்டாரத்தில் குடியிருக்க முடிவு செய்தார்.

அவ்வட்டாரம் லோயர் ஈஸ்ட் சைட். ரஷ்யப் பேரரசில் 1881 முதல் யூதர்கள்மீது நடந்த கும்பல் தாக்குதல்களாலும் வறுமையாலும், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் சில பத்தாண்டுகளில் அமெரிக்கா வந்தனர். அவர்களுள் பலர் இங்குள்ள நெரிசலான அடுக்குமாடி வீடுகளில் தங்கினர். வீடே பலருக்குத் தையற்கூடமாகவும் இருந்தது.

படித்தவர்கள் ஏழைகளின் நடுவே வசித்துத் தொண்டாற்றும் இடமே குடியமர்வு இல்லம். 1884இல் இலண்டனில் தோன்றிய டாயின்பி ஹால் இதற்கு முன்னோடி. வால்ட்டும் அவருடைய தோழி மேரி புரூஸ்டரும் முதலில் ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் தங்கினர். 1895இல் வங்கியாளர் ஜேக்கப் ஷிஃப் வழங்கிய ஹென்றி தெரு 265ஆம் எண் வீட்டில் இல்லம் அமைந்தது. தாதியர் வீடு வீடாகச் சென்றனர். இயன்றவர்கள் சிறு கட்டணம் செலுத்தினர், இயலாதவர்களுக்கு இலவசம். அந்தச் சிறு தொகை, பிறர் தயவில் வாழ்கிறோம் என்னும் கூச்சத்தைப் போக்கியது.

அங்கேயே வசித்ததால், வெளியாரின் கண்ணில் படாதவை தாதியருக்குத் தெரிந்தன. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் இருந்த புண்ணால் ஒருநாளும் பள்ளியில் பயில முடியவில்லை. சென்ற ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்பட்டான். களிம்பு தடவிப் பராமரித்ததும் புண் ஆறியது. அவனும் பள்ளிக்குச் சென்றான். அவனைப் போன்றோர் பலர் இருந்தனர். பள்ளிகளுக்கு வந்த மருத்துவர்கள் கண்நோயும் தோல்நோயும் உள்ள மாணவர்களைக் கண்டறிந்து வீட்டுக்கு அனுப்பினார்களே தவிர, அதன்பின் சிகிச்சை அளிப்பாரில்லை. அப்பிள்ளைகளோ மாலையில் அதே நண்பர்களுடன் தெருவில் விளையாடினர்! அவர்களை விலக்கிவைத்ததால் கல்வி கெட்டதே ஒழிய, நோய் நிற்கவில்லை.

எனவே, பள்ளியிலேயே தாதி ஒருவர் இருக்கட்டும் என்றார் வால்ட். 1902 அக்டோபரில் ஹென்றி தெரு இல்லத்தின் லினா ரோஜர்ஸ், நான்கு பள்ளிகளில் ஒரு மாதச் சோதனைப் பணியைத் தொடங்கினார். சிறு புண்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார். பிள்ளைகளின் வீடுகளுக்கும் சென்று பெற்றோருக்குப் பராமரிப்பு முறையை விளக்கினார். பயனைக் கண்ட நகர நிர்வாகம் மேலும் பல தாதியரை நியமித்தது. 1902 செப்டம்பரில் நோய் காரணமாக விலக்கப்பட்ட மாணவர்கள் 10,567 பேர். மறு ஆண்டு அதே மாதத்தில் 1,101 பேர் மட்டுமே.

குடியேறிகளுக்கு உதவிய அமைப்புகள் அனைத்தும் அவர்களை ஒரே விதமாக நடத்தவில்லை. அதே வட்டாரத்தில் இயங்கிய எஜுகேஷனல் அலையன்ஸ், விரைவில் அமெரிக்கராக மாற வேண்டும் என்னும் எண்ணத்தில், அம்மக்களின் தாய்மொழியான இட்டிஷை முதலில் ஒதுக்கியே வைத்தது. பிள்ளைகள் ஆங்கிலம் பேச, பெற்றோர் தம் வீட்டிலேயே அந்நியர்போல் ஆகும் நிலை பல குடும்பங்களில் ஏற்பட்டது. புதிய நாட்டின் பழக்கங்களைக் கற்கும் பிள்ளைகள் பெற்றோரை இழிவாக எண்ணிவிடக் கூடாது என்பதில் வால்ட் கவனமாக இருந்தார்.

1944இல் தாதியர் சேவை தனி அமைப்பாகப் பிரிந்தது. 265ஆம் எண் வீடு இன்றும் நிற்கிறது. இல்லம் பல நாட்டுக் குடியேறிகளுக்குத் தொடர்ந்து சேவையாற்றி வருகிறது.