தார் பாலைவனத்துல மரம் நட்டா என்ன?

தார் பாலைவனத்துப் பரம்பரைப் பாடகர்களான மாங்கணியாரோட பாட்டைப் பத்திப் பேசினதுல இருந்து ஒரே கேள்விதான் வந்துட்டே இருக்கு: "அண்ணா, இவ்ளோ அருமையா பாடுறாங்க, அந்த ஊரு இப்படிக் காஞ்சு கிடக்கே, லட்சம் மரம் நட்டா என்ன?"

நட்டுப் பாத்தாச்சுங்க. மன்னர் காலத்துலயே ராஜஸ்தானோட மார்வார்ப் பகுதியில ஒரு வெளிநாட்டு மரத்தைப் பரப்பினாங்க. அங்க அதுக்குப் பேரு விலாயதி பபூல். விலாயதின்னா சீமை. ஆமா, நம்ம சீமைக்கருவேலமேதான். ராமநாதபுரத்துக்காரங்களுக்கு இதுக்கு மேல நான் சொல்லணுமா?

ஜெய்சல்மேர் பக்கம் பச்சை ஏற்கெனவே இருக்கு. அதுக்குப் பேரு ஓரண். நம்ம கோயில்காடு மாதிரி சாமிக்குன்னு விட்ட நிலம். ஆடு, ஒட்டகம் மேயலாம், கோடாலி உள்ள போகக்கூடாது. அங்க நிக்கிற கேஜ்ரி வேற எதுவும் இல்ல, விருத்தாசலம் கோயில்ல தலமரமா இருக்குதே, அந்த வன்னிதான். அது நட்ட காடு இல்ல, விட்டு வெச்ச காடு.

1730ல ஜோத்பூர் அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேணும்னு, கேஜ்ரி மரங்களை வெட்டக் கேஜட்லி கிராமத்துக்கு ஆள் வந்தாங்க. அந்த ஊரு பிஷ்னோய் சமூகத்து அம்ரிதா தேவி மரத்தைக் கட்டிப்பிடிச்சு உயிரை விட்டாங்க. அவங்களோட சேத்து 363 பேருன்னு பிஷ்னோய் மக்கள் இன்னைக்கும் கணக்குச் சொல்லிக் கும்பிடுறாங்க.

சரி, பாட்டுக்கு வரேன். மாங்கணியார் வாசிக்கிற கமாய்ச்சான்னு ஒரு வாத்தியம். மாமரத்துல குடைஞ்ச உருண்டைக் குடம், மேல ஆட்டுத்தோல், முக்கியமான மூணு தந்தி ஆட்டுக்குடல்ல முறுக்கினது. வில்லால இழுத்தா, தொண்டை கரகரத்த தாத்தா ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே இருக்கும். ஹமீரா கிராமத்து சாக்கர் கான், 2012ல பத்மஸ்ரீ வாங்கினவர், அவர் வாசிச்சதை ராத்திரி விளக்கை அணைச்சுட்டுக் கேளுங்க. எனக்குத் தூக்கமே போச்சு.

இதுக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்? மாங்கணியார் முஸ்லிம்கள். தலைமுறை தலைமுறையா அவங்க பாடுறது பெரும்பாலும் ராஜபுத்திரர் வீட்டுப் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும். அதுக்குக் கிடைச்சது தானியம், ஆடு, ஒட்டகம். அந்த ஆடு மேயுறது ஓரண்ல. ஓரண் போனா மந்தை போகும், மந்தை போனா பாடச் சொல்ற வீடும் நொடிச்சுப் போகும். மேடைக் கச்சேரி மட்டும் அந்தப் பாட்டைக் காப்பாத்தாது. அதனாலதான் சொல்றேன்: விட்டு வெச்சதைக் காப்பாத்துங்க.

பல ஓரண்கள் அரசுப் பதிவேட்டுல வெறும் தரிசு. அதனாலதான் சோலார் பலகையும் மின்கம்பியும் அங்க வருது. கானமயில்ங்கிற அரிய பறவை அந்தக் கம்பியில மோதிச் சாகுது. 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், ஓரண்களை அளந்து வரைபடமாக்கிக் காடா வகைப்படுத்தணும்னு ராஜஸ்தானுக்கு உத்தரவு போட்டிருக்கு.

ஐயோ, நேரமாச்சு! வன்னி வளக்கக் கேட்டவங்களுக்குச் சீக்கிரமா சொல்லிடுறேன். முதல்ல முள்ளைப் பாருங்க: கணுவுல ஜோடி முள்ளுன்னா சீமைக்கருவேலம், ரெண்டு கணுவுக்கு நடுவுல சின்ன முள்ளு சிதறி இருந்தா வன்னி. விதையைச் சுடுதண்ணியில போட்டு ராத்திரி பூரா ஊற விடுங்க. ஆணிவேர் ஆழமா இறங்கும், நீளமான பையில போடுங்க. முதல் மழையில மண்ணுக்கு மாத்திடுங்க. சுத்தி வேலி கட்டாயம், ஆடு விடாது.