உங்களுக்குத் தெரியுமா? மடிப்புக்குப் பின்னால் பார்க்கும் கேமரா

அரியக்குடியில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் முகப்பில் நின்றால், பின்வாசல் வரை நேராகத் தெரியும். ஆனால் உள்முற்றமான வளவில் தூணுக்குப் பின்னால் இருப்பவர் தெரியமாட்டார். பெருங்குடலுக்குள் செல்லும் எண்டோஸ்கோப்புக்கும் இதே சிக்கல்தான்: குடல் மடிப்புகளின் மறுபக்கத்தில் பாலிப் எனும் சிறு கட்டி ஒளிந்திருக்கலாம்.

● பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டினார். அந்த ஆய்வு 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. வளையும் எண்டோஸ்கோப்புக்கு வழி திறந்தது இப்படித்தான்.

● இன்றைய பெருங்குடல் எண்டோஸ்கோப்புகளின் (கொலோனோஸ்கோப்) பார்வைக் கோணம் பெரும்பாலும் 140 முதல் 170 டிகிரி. லென்ஸை மேலும் அகலமாக்கினால் படத்தின் ஓரங்கள் வளைந்து தெரியும்.

● அதனால் நுனியில் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு எனக் கேமராக்களைப் பொருத்தி 330 டிகிரி காட்டும் கருவி வந்தது. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், சாதாரண கருவி தவறவிட்ட கட்டிகள் 41 சதவீதம். மூன்று கேமராக் கருவி தவறவிட்டவை 7 சதவீதம். பின்னர் வந்த சில ஆய்வுகளில் இவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை.

● நுனியில் மாட்டும் சிறு பிளாஸ்டிக் மூடியும் மடிப்புகளை விலக்கிக் காட்டும்.

எத்தனை கேமரா இருந்தாலும், குடல் சுத்தமாக இல்லாவிட்டால் எதுவும் தெரியாது. பரிசோதனைக்கு முன் மருத்துவர் சொல்லும் பேதி மருந்தை முழுமையாகக் குடியுங்கள்.