வெள்ளையர் நோய் என்றொரு முத்திரை

முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் குழந்தை சீக்கிரமே இறந்துவிடும் என்பது ஐரோப்பியக் கிராமங்களின் பழைய நம்பிக்கை. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் நோயின் அடையாளமும் அந்த உப்புதான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால் நோய் பிறக்கிறது. நுரையீரலில் சளி பசைபோல இறுகிக் கிருமிகள் குடியேறும். கணையம் அடைபட்டுச் சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வியர்வையில் உப்பு ஏராளமாக வெளியேறும்.

மரபணு 1989ல் பிடிபட்டது. ஆனால் நோயாளியின் ஆயுளை அது மட்டுமே தீர்மானிப்பதில்லை. எங்கே பிறந்தார், மருத்துவச் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. 1988ல் இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிட்டார்கள். நடு ஆயுள் பாஸ்டனில் 21 வயது, டொரன்டோவில் 30. டொரன்டோ டாக்டர்கள் செரிமான என்ஸைம் மாத்திரைகளோடு வெண்ணெயும் நெய்யுமாகச் சாப்பிடச் சொன்னார்கள். பாஸ்டனில் கொழுப்புக்குக் கட்டுப்பாடு.

அமெரிக்காவும் பிறகு கொழுப்புச் சாப்பாட்டுக்கு மாறியது. ஆனாலும் 2017ல் வெளியான ஆய்வில் கனடாவின் நடு ஆயுள் 50.9, அமெரிக்காவின் நடு ஆயுள் 40.6. கணக்கைப் பிரித்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. தனியார் காப்பீடு வைத்திருந்த அமெரிக்கர்களுக்கும் கனடாக்காரர்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஏழைகளுக்கான மெடிகெய்ட் காப்பீட்டில் இருந்தவர்களும், காப்பீடே இல்லாதவர்களும்தான் பின்தங்கியிருந்தார்கள்.

நிறமும் குறுக்கே வருகிறது. பிறந்த குழந்தைகளுக்கு அமெரிக்காவில் நடக்கும் பரிசோதனையில் தேடப்படும் மரபணுக் கோளாறுகளின் பட்டியல், பெரும்பாலும் வெள்ளையர்களிடம் காணப்பட்டவற்றை வைத்துத் தயாரானது. கறுப்பின, ஸ்பானிய வம்சாவளிக் குழந்தைகள் அதில் கூடுதலாகத் தப்பிவிடுகிறார்கள். இந்தத் தப்பித்தல் அதிர்ஷ்டம் அல்ல. பெண்கள் ஆண்களைவிட முன்னதாக இறப்பதும் பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது, ஹார்மோனைச் சந்தேகிக்கிறார்கள்.

இந்தியாவில் இந்த நோயே கிடையாது என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள். 1960களின் இறுதியில் முதல் நோயாளிகள் பதிவான பிறகும் முத்திரை அழியவில்லை. விடாத இருமலா? ஆஸ்துமா அல்லது காசநோய். எடை ஏறவில்லையா? சத்துக்குறைவு. இரண்டும் ஒரே குழந்தைக்கு இருக்கும்போதும் பல டாக்டர்களுக்கு மூன்றாவது பெயர் தோன்றுவதில்லை. வருடங்கள் ஓடுகின்றன, நுரையீரல் சிதைகிறது. கோடையில் ஆபத்து வேறு விதம்: உப்பு வெளியேறிக் குழந்தை துவண்டு விழுகிறது. 1948ல் நியூயார்க்கை வெயில் வாட்டியபோது இப்படி விழுந்த குழந்தைகள்தான் வியர்வையின் பக்கம் டாக்டர்களைத் திருப்பினார்கள்.

2019ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரைகாஃப்டா மருந்து அங்கே பலரின் வாழ்க்கையை மாற்றியது. அன்றைய விலை ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். மலிவான மாற்று மருந்துக்கு வழி கேட்டு 2023ல் இந்தியா, தென் ஆப்பிரிக்கா, பிரேசில், உக்ரைன் நாடுகளில் நோயாளிகளின் குடும்பங்கள் குரல் எழுப்பின. விலை இறங்கினாலும் இன்னொரு சிக்கல் உண்டு. டெல்டா எஃப் 508 என்ற கோளாறு உள்ளவர்களையே அந்த மருந்து முக்கியமாகக் குறிவைக்கிறது. வெள்ளையரின் பழுதான மரபணுக்களில் சுமார் 70 சதவீதம் அந்த வகை. இந்திய ஆய்வுகள் பலவற்றில் அது பாதியைக்கூடத் தொடவில்லை.

என்ஸைம், நெஞ்சைத் தட்டிச் சளியை வெளியேற்றும் பிசியோதெரபி, வெயில் காலத்தில் கூடுதல் உப்பு ஆகியவற்றுக்கு எந்த மரபணு வகை என்று தெரிய வேண்டியதில்லை. வியர்வையில் உப்பின் அளவைப் பார்த்தாலே தொடங்கிவிடலாம். அந்தப் பரிசோதனைக்கு டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் மலிவான உள்நாட்டு முறையை உருவாக்கினார்கள். சிறு நகரங்களில் அதை எழுதிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.