அரியர் விழுந்த பிறகு மூளைக்குள் என்ன நடக்கிறது?

செமஸ்டர் ரிசல்ட் வந்த வாரம். நான்கு பாடத்தில் அரியர் விழுந்த மாணவன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடக்கிறான். தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்குகிறது, கட்டவில்லை. “ஃபெயிலாயிட்டும் எவ்வளவு திமிரா படுத்திருக்கான் பாரு” என்கிறார் அப்பா. பெரும்பாலும் அது திமிரும் அல்ல, சோம்பலும் அல்ல.

1967-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரு இளம் ஆய்வாளர்கள் நாய்களைக் கொண்டு ஒரு கொடுமையான சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவு நாய்கள் தலையால் பலகையை அழுத்தினால் மின்னதிர்ச்சி நின்றது. இன்னொரு பிரிவுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான், ஆனால் என்ன செய்தாலும் அவற்றால் அதை நிறுத்த முடியவில்லை. மறுநாள் தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையில் விட்டபோது முதல் பிரிவு தாண்டியது. இரண்டாம் பிரிவில் பெரும்பாலானவை அப்படியே கிடந்தன. கையறு நிலையை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று இருவரும் முடிவுகட்டினார்கள்.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், அந்த முடிவை அவர்களே திருத்தினார்கள். துன்பம் நீளும்போது ஒடுங்கிக் கிடப்பதை யாரும் கற்க வேண்டியதில்லை. மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறிய நரம்பணுத் தொகுதி அதைத் தானாகவே செய்துவிடுகிறது. கற்றுக்கொள்ள வேண்டியது, ‘நான் செய்தால் நடக்கிறது’ என்பதைத்தான். அப்படி நடப்பதை நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி கண்டுகொண்டால், அந்தத் தொகுதியை அடக்குகிறது. எலிகளைக் கொண்டு நடத்திய சோதனைகளில், இந்த அனுபவம் ஒருமுறை கிடைத்தவை, பிறகு தப்ப வழியே இல்லாத அதிர்ச்சியையும் தாங்கிக்கொண்டன.

எலிகளிடம் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் “மனசைத் தேத்திக்கோ” என்ற அறிவுரை ஏன் எடுபடுவதில்லை என்று இதிலிருந்து ஊகிக்கலாம். தேவைப்படுவது, செய்தவுடன் பலன் கண்ணில் தெரிகிற சின்ன வேலை. விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிப்பது அப்படி ஒன்று. மதிப்பெண் போனது இரண்டு மார்க் கேள்விகளிலா, 13 மார்க் கேள்விகளிலா என்று தெரிந்தாலே பாதி இருட்டு விலகும்.

அடுத்தது படிக்கும் முறை. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து நிலைமை மாறியது: திரும்பப் படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. ராப்பகலாகப் படித்தும் தேறாதவர்களில் பலர் உழைக்காதவர்கள் அல்லர். உழைப்பைத் தவறான இடத்தில் கொட்டியவர்கள்.

எல்லோரும் பட்டத்தை முடித்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. யோசித்து, வீட்டில் பேசி, படிப்பை விடுவதும் நம் கையிலிருக்கும் முடிவுதான். கல்லூரிப் பக்கமே போகாமல் நாளைக் கடத்துவதுதான் ஆளை அரிக்கிறது.

தோற்ற பிள்ளையிடம் கணிதவியலாளர் ராமானுஜனைக் காட்டி மேதை கதை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கதையில் சொல்ல வேண்டியது வேறு. கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்த அவர் 1905-இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் ஓடினார். பிறகு சென்னையில் எஃப்.ஏ. என்ற அன்றைய கல்லூரித் தேர்விலும் தோற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைக்கும்வரை அவரைத் தாங்கியவர்கள் பலர். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துவந்தார். பட்டம் எங்கே என்று கேட்டுக்கொண்டு அவர் காத்திருக்கவில்லை.

பிள்ளை சாப்பாட்டையும் தூக்கத்தையும் விட்டுவிட்டால், ‘இருந்து என்ன பயன்’ என்று ஒருமுறை சொன்னால்கூட, அரியர் பேச்சை நிறுத்திவிடுங்கள். தனியே விடாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். மைய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.